அவளிடம் இருப்பதெல்லாம்

அன்று சோறு உப்புக் கரித்தது.

செல்வமலர் சோற்றுக்கு உப்புப் போடுகிறவள் அல்ல. குழம்பில் இருக்கிற உப்புப் போதும் என்பது அவளுடைய கணக்கு. முதல் வாயை விழுங்காமல் நாக்கில் வைத்துக்கொண்டே பானையைத் திறந்து மணந்து பார்த்தாள். கபோச் சந்தையில் வழக்கமாக வாங்குகிற அதே அரிசி. அதே பானை. பிறகுதான் தண்ணீர் நினைவுக்கு வந்தது. இத்தாலியின் பலர்மோ நகரில், சீசாப் பகுதியில் அவர்கள் இருந்த பழைய கட்டடத்தின் நாலாம் மாடிக்குக் கோடையில் எல்லா நாளும் தண்ணீர் ஏறாது. ஏறுகிற அன்று குளியல் தொட்டியை விளிம்புவரை நிரப்பி வைத்து, குழாய் வறண்ட நாட்களில் அதிலிருந்து மொண்டுதான் சமைப்பதும் கழுவுவதும். சனிக்கிழமை அவளே நிரப்பிய தொட்டி அது.

குளியலறைக்குப் போய் விளக்கைப் போடாமல் விரலை நனைத்து வாயில் வைத்தாள்.

கடல்.

கிணற்று உவர்ப்பு அல்ல, குழாய்த் துருவும் அல்ல. பாசியும் அயடீனும் கலந்த, தொண்டையின் அடியில் போய் நிற்கிற கடலுப்பு. தொட்டித் தண்ணீர் அசையாமல் கிடந்தது. விரல் பட்ட இடத்திலிருந்து கிளம்பிய வளையம் விளிம்பைத் தொட்டு, தொட்ட பிறகும் அடங்காமல், உள்ளே ஏதோ புரண்டு படுத்தது போல இன்னொரு முறை மெல்ல ஏறி இறங்கியது.

அறையில் அவள் புருஷன் நகுலேஸ்வரன் மத்தியான நித்திரையில் இருந்தான். விடிய வீட்டுக்கு வந்தவன். கடல் தண்ணீரோடு வந்து இந்தத் தொட்டிக்குள் இறங்கியிருப்பான் என்று நினைத்தாள். ஒரு மனிதனின் உடம்பில் ஒட்டிவரும் உப்பு ஒரு தொட்டித் தண்ணீரைக் கடலாக்காது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்த யோசனையை முடிக்கவிடாமல் நெஞ்சுக்குள் இருந்த பழைய எரிச்சல் முந்திக்கொண்டது.

அவளை இஞ்சையும் கொண்டு வந்திட்டார்.

அவள் என்றது ஒரு பெண்ணை அல்ல. அதுதான் வெட்கக்கேடு. பெண்ணென்றால் சண்டை போடலாம்.

*

அது 2007ஆம் வருடம். வைகாசியில் அவர்களுக்கு ஒரு பெண் பிள்ளை பிறந்தது, பிறக்கும்போதே மூச்சில்லை. செல்வமலர் மயக்கம் தெளிந்து தலையைத் திருப்பியபோது, பச்சைத் துணியில் சுற்றிய ஒன்றை ஒரு தாதி வாசலால் கொண்டுபோவது தெரிந்தது. துணி மட்டும்தான் தெரிந்தது. கையெழுத்துப் போட வேண்டியதையெல்லாம் நகுலனே போட்டான். "நீ பாக்க வேண்டாம், மலர்" என்றான். அடுத்த நாள் வந்து, "முடிஞ்சுது" என்றான். அதற்குப் பிறகு அதைப்பற்றி அந்த வீட்டில் ஒரு சொல் இல்லை.

பால் மட்டும் யாரையும் கேட்காமல் சுரந்தது. கீழ் மாடியில் இருக்கும் சறோஜா, தான் வீட்டுவேலை செய்கிற இத்தாலியக் கிழட்டுச் சிஞ்ஞோராவின் பல்கனியிலிருந்து ஒரு பை நிறைய மல்லிகைப்பூப் பிடுங்கி வந்து, மார்பில் வைத்துப் பழஞ்சேலைத் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டாள். பால் வற்ற அதுதான் மருந்து. பூ உடம்புச் சூட்டில் அவிந்து பழுப்பாகி, மணம் புளித்து, துணியோடு ஒட்டிக்கொள்ளும். மூன்று கட்டுப் பூவோடு பால் நின்றது. நகுலன் கட்டிலின் ஓரத்தில், சுவரைப் பார்த்துப் படுக்கத் தொடங்கினான். அவள்மேல் கை வைப்பதில்லை. அவன் கைக்கு அவள் காத்திருந்தாள். அந்தக் காத்திருப்பு வயிற்றுக்குள் ஒரு பசியைப் போல இருந்தது.

ஆடி பிறக்கிற சமயம், பலர்மோவின் காவல் புனிதை றொசாலியாவின் திருவிழா வாணவேடிக்கை நடந்த வாரத்தில், அந்தக் கை வேறிடம் போயிற்று.

நகுலன் மாடிக் கட்டடங்களில் படி கழுவுகிறவன். அவன் கழுவுகிற ஒரு கட்டடத்தில் ஸ்ரெல்லா என்று ஒரு மிருக வைத்தியர் இருந்தாள். இவன் யாழ்ப்பாணத்து மயிலிட்டிக் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவன் என்று அவளுக்குத் தெரியும். ஒரு நாள் படியில் மறித்து, உதவிக்கு வரமுடியுமா என்று கேட்டாளாம். பின்னேரம் போனவன் விடிய வந்தான்.

"ஓங்கில் ஒண்டு கரைக்கு வந்திட்டுது. வருத்தம். அதாலை மிதக்கேலாது. தண்ணிக்குள்ளை நிண்டு தூக்கிப் பிடிக்க ஆள் வேணும். விட்டால் தாண்டுபோம்."

"டொல்பினோ?"

"ஓம்."

அடுத்த நாளும் போனான். அதற்கடுத்த நாளும். இரவு முழுக்கத் தண்ணீரில் நிற்பது, காலையில் படி கழுவுவது, மத்தியானம் யன்னல் சட்டரை இறக்கிவிட்டு இருட்டில் தூங்குவது. சறோஜாவுக்கு இதில் நம்பிக்கை இல்லை.

"எடி விசரி, அந்த டொக்டர் பெட்டைக்கு எத்தினை வயசெண்டு கேட்டனியோ?"

"கேக்கேல்லை."

"கேள். எங்கடை ஆம்பிளையள் மீன் பிடிக்கப் போறன் எண்டால் நம்பலாம். மீனைப் பிடிச்சுக்கொண்டு நிக்கப் போறன் எண்டால் நம்பேலாது."

சிரிக்கத்தான் சொன்னாள். செல்வமலர் சிரிக்கவில்லை. ஒரு பின்னேரம் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் அடைத்து எடுத்துக்கொண்டு பகேரியாப் பக்கம் போகிற ரெயினில் ஏறினாள். இறங்கி, எலுமிச்சைத் தோட்டங்களின் பின்மதில் வழியே கடற்கரைக்கு நடந்தாள். ஒரு காலத்தில் சூரைமீன் அடைத்த பழைய கொட்டகை. கூரையில் பாதி தகரம், பாதி வானம். உள்ளே கடல் தண்ணீர் நிரப்பிய பெரிய சீமெந்துத் தொட்டி. வாசலில் இறப்பர்ச் சப்பாத்தோடு நின்ற ஸ்ரெல்லாவின் தலை பஞ்சாக நரைத்திருந்தது. அம்மா வயது. செல்வமலருக்கு வெட்கமாக இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது. அந்த ஆறுதலுக்கு வாசலிலிருந்து தொட்டிவரைதான் ஆயுள்.

நடந்துகொண்டே ஸ்ரெல்லா மெதுவான இத்தாலியனில் சொன்னாள். இந்த வருடம் கடலில் ஒரு நோய் சுற்றுகிறது, நெஞ்சுக்கும் மூளைக்கும் போகிறது. அது மட்டுமல்ல. வாலில் வலைக்கயிறு அறுத்த காயம். முதுகில் சன்னம்; வலையைக் கிழிக்கிறதென்று யாரோ சுட்டிருக்கிறார்கள். அதற்கும் மேலே, தொழிற்சாலைகள் கடலில் விட்ட நஞ்செல்லாம் இவற்றின் கொழுப்பில் தங்கிவிடும். தாய்க்குப் பால் சுரக்கும்போது அந்த நஞ்சு பாலில் இறங்கும்.

"முதல் குட்டிதான் முழுவதையும் குடிக்கும், சிஞ்ஞோரா. தாயைக் கழுவிவிட்டு அது சாகும். இவள் கரைக்கு வந்தபோது செத்த குட்டியை மூக்கால் தள்ளிக்கொண்டு வந்தாள். எத்தனை நாள் சுமந்தாளோ, தோல் உரிந்திருந்தது. தாழும்போதெல்லாம் கீழே போய் முட்டித் தூக்குவாள். நாங்கள்தான் பறிக்க வேண்டியிருந்தது."

செல்வமலர் சாப்பாட்டுப் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். ஸ்ரெல்லா தொடர்ந்தாள்.

"இவை மூச்சுவிடுவது நம்மைப்போல் அல்ல. தானாக வராது. ஒவ்வொரு மூச்சையும் நினைத்து எடுக்க வேண்டும். அதனால் முழுதாகத் தூங்கவும் முடியாது. பாதி தூங்கும், பாதி விழித்திருக்கும். ஒரு கண் திறந்தே இருக்கும்."

அப்போதுதான் நகுலனைக் கண்டாள். நெஞ்சளவு தண்ணீரில், அவளுக்கு முதுகைக் காட்டி நின்றான். இரண்டு கைகளிலும் அந்தச் சாம்பல் உடம்பு, தோலில் அங்கங்கே வளையத் தழும்போடு, குப்புறக் கிடந்தது; ஒரு கை கழுத்தடியில், ஒரு கை வயிற்றடியில். பெருவிரல் மட்டும் அசைந்து அசைந்து அதன் தோலில் சின்ன வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. கலியாணமான புதிதில், அவளுக்குத் தலையிடி வந்தால், பிடரியில் போடுகிற அதே வட்டம். அவன் கதைத்துக்கொண்டிருந்தான். தமிழில்.

"மூக்கு என்ரை அம்மான்ரை மாதிரி. நுனி கொஞ்சம் தூக்கினது. தலையிலை நல்ல மயிர். நகமெல்லாம் இருந்தது, பார், சின்ன விரல் நகம்கூட. மலருக்குக் காட்டேல்லை. காட்டியிருந்தால் தரமாட்டாள் எண்டு பயந்திட்டன். நீ தரேல்லைத்தானே? எத்தினை நாள் வைச்சிருந்தனி, என்ன?"

அந்த உடம்பின் தலையில் இருந்த துளை திறந்தது. *புஃப்.* சூடான, சளி கலந்த, கெட்டுப்போகத் தொடங்கிய பாலின் மணம் கொட்டகையின் குறுக்கே வந்து செல்வமலரின் முகத்தில் பட்டது. பிறகு அது கொஞ்சம் சரிந்தது. நகுலனின் முழங்கைக்கு மேலாக ஒரு கண் அவளைப் பார்த்தது. கறுத்த, ஈரமான, அவசரமில்லாத கண்.

சாப்பாட்டை நிலத்தில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள்.

"வந்தனியாம். ஏன் நிக்கேல்லை?" என்று அடுத்த நாள் கேட்டான்.

"ரெயின் போயிடும் எண்டு."

அவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து அவளுக்குள் ஒரு வழக்கு நடந்தது. சட்டி கழுவும்போதும், சிஞ்ஞோராமாரின் சட்டைகளை இஸ்திரிப்பெட்டியால் அழுத்தும்போதும், அதே வழக்கு. அவளுக்கு அவருடைய இரண்டு கையும். அவளுக்கு அவருடைய இரவு. என் பிள்ளையின் மூக்கு எப்படி இருந்ததென்று அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. எல்லாவற்றிலும் ஆற மாட்டாதது கடைசியாக வரும்: அவள் தன் செத்த பிள்ளையைச் சுமந்தாள். அழுகும்வரை சுமந்தாள். அவளுடையதை யாரும் பச்சைத் துணியில் சுற்றி வாசலால் கொண்டுபோகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சறோஜாவோடு மொன்தே பெல்லெக்ரீனோ மலைக்கு ஏறினாள். பலர்மோத் தமிழர் சைவமானாலும் கிறிஸ்தவமானாலும் றொசாலியாவிடம் நேர்த்தி வைப்பார்கள். மலைமேல் அந்தப் புனிதையின் குகைக்கோயிலுக்குள் பாறை வியர்த்து ஒழுகிக்கொண்டே இருக்கும். ஒழுகுகிற தண்ணீரைத் தலைக்கு மேலே குறுக்கும் நெடுக்கும் கட்டிய தகரப் பீலிகள் ஏந்தி ஓரத்துக்குக் கொண்டுபோகும். வெளியே கடையில், நேர்த்திக்கு வைக்க, வெள்ளித் தகட்டில் அடித்த கண், கால், இருதயம் விற்றார்கள். செல்வமலர் ஒரு சோடி கை வாங்கினாள். மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுவந்த காசோடு சேர்த்து அதை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, வாயசைத்துக் கேட்டாள்.

இறங்கி வரும்போது சறோஜா விடவில்லை.

"என்னடி கேட்டனி, அவ்வளவு நேரமா?"

"அவளிட்டை இருக்கிறதெல்லாம் எனக்குத் தா எண்டு கேட்டன்."

"ஆரிட்டை?"

"இருக்கிறாள் ஒருத்தி."

சறோஜா நடையை நிறுத்தினாள். "எல்லாம் எண்டு கேக்கிறதோ? நேர்த்தி வைக்கேக்கை இன்னது வேணும் எண்டு பேர் சொல்லிக் கேக்கோணும். அளவில்லாமல் கேட்டால் சாமியும் அளவில்லாமல் தந்திடும், மலர். திரும்பிப் போய் மாத்திக் கேள்."

"மாத்தமாட்டன்," என்றாள் செல்வமலர். கீழே கடல் தகடு போல மினுங்கிக்கொண்டு கிடந்தது.

அடுத்த நாள் மத்தியானம்தான் சோறு உப்புக் கரித்தது.

*

சோற்றைக் கொட்டிவிட்டு அவள் அறைக்குள் போனாள். சட்டரின் கீற்றுகளால் வெயில் நூல் நூலாக இறங்கியிருந்தது. மற்றதெல்லாம் இருட்டு, வெக்கை, கீழ்த் தெருவில் யாரோ இழுக்கிற இரும்புக் கதவின் கிறீச்சு. சண்டை போடத்தான் போனாள். ஆனால் நகுலன் அவள் படுக்கும் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். வைகாசிக்குப் பிறகு முதல் தடவை. சேலையைக்கூடக் கழற்றாமல் மெல்லப் பக்கத்தில் சரிந்தாள்.

அவன் கைகள் வந்தன.

ஒன்று கழுத்தடியால், ஒன்று இடுப்படியால். உள்ளங்கை இரண்டும் மேல்நோக்கி. அணைக்கவில்லை; தாங்கின. பெருவிரல் பிடரியில் சின்ன வட்டம் போடத் தொடங்கியது. செல்வமலர் அழுதாள், சத்தமில்லாமல், அந்தக் கைகள் அசைந்துவிடக் கூடாதென்று. நேர்த்தி பலித்துவிட்டது என்று நினைத்தாள். அவள் தோற்றுப்போனாள், நான் வென்றேன் என்று நினைத்தாள். அந்தச் சந்தோஷத்தில் வெகுநேரம் கிடந்த பிறகுதான் சேலையின் முதுகுப் பக்கம் சில்லென்று ஊறியிருப்பதை உணர்ந்தாள்.

அவன் நல்ல நித்திரையில் இருந்தான். உதடு காய்ந்து வெடித்திருந்தது. நெற்றி காய்ந்திருந்தது. கைகள் மட்டும் முழங்கைவரை நனைந்து, நுனிவிரல் சுருங்கி வெளுத்து, அப்போதுதான் தண்ணீரிலிருந்து எடுத்தவை போல இருந்தன.

செவ்வாய்க்கிழமை சிரோக்கோ தொடங்கியது. தெற்கே இருந்து வருகிற அந்தக் காற்று வானத்தை மஞ்சளாக்கி, வாய்க்குள் மண்ணை அள்ளிப் போடும். காலையில் தலை வாரும்போது, தோளில் சாம்பல் நிறத்தில் ஒரு வளையத்தைக் கண்டாள். அரிக்கவில்லை, நோகவில்லை. காசளவு வட்டம், நடுவில் மினுமினுப்பு. முழங்கைக்குக் கீழே இன்னொன்று. தேசிக்காயைப் பிழிந்து தேய்த்தாள். போகவில்லை.

பிறகு துணி மடித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கண் இருண்டு கதிரையைப் பிடித்தாள். மூச்சு இல்லை. அடைக்கவில்லை, இழுக்கவில்லை, வரவேயில்லை, அவ்வளவுதான். எடுக்க வேண்டும் என்று நினைத்தாள். எடுத்தாள். காற்று உள்ளே போயிற்று. அடுத்ததற்குக் காத்திருந்தாள். வரவில்லை. மறுபடி நினைத்தாள். அதன்பிறகு அன்று முழுக்க அவளுக்கு வேறு வேலை இல்லை. கீரை ஆயும்போது நினைக்க வேண்டும். தொலைபேசியில் கதைக்கும்போது, சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில், நினைக்க வேண்டும். மறந்தால் உடம்பு சும்மா இருந்துவிடுகிறது, ஒரு கல்லைப் போல.

பின்னேரம் சறோஜா பாற்சோறு கொண்டுவந்தபோது அவள் கதிரையில் கண் அயர்ந்திருந்தாள் போலும். தோளைப் பிடித்து உலுக்கிய கையில் பதற்றம் இருந்தது.

"என்னடி இது? ஒரு கண்ணைத் திறந்துகொண்டு நித்திரை கொள்ளுறாய்?"

"நான் முழிப்பு."

"எங்கை முழிப்பு? ரெண்டு தரம் கூப்பிட்டனான். இந்தக் கண் என்னையே பாத்துக்கொண்டு கிடந்தது, மற்றது மூடியிருந்தது." அவள் மூக்கைச் சுளித்தாள். "பூ வைச்சிருக்கிறியோ? மல்லிகை மணக்குது. அவிஞ்ச மணம்."

வீட்டில் பூ இல்லை.

நகுலன் புறப்பட ஆயத்தமாகி, கதவடியில் குந்தியிருந்து சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தான். மெலிந்துபோயிருந்தான். கழுத்து நரம்புகள் கயிறு கயிறாகத் தெரிந்தன.

"இண்டைக்குப் போகாதேங்கோ," என்றாள்.

"நாளைக்குப் பெராகோஸ்தோ லீவு, மலர். ஊரே கடற்கரையிலை நிக்கும். தூக்கிப் பிடிக்க ஒருத்தரும் வரமாட்டினம். ஸ்ரெல்லாவும் விடியத் தன்ரை தாயைப் பாக்கப் போறாவாம். நான் ஒருத்தன்தான்."

"எனக்கு மூச்சு வருகுதில்லை. நினைச்சு நினைச்சு எடுக்க வேண்டிக்கிடக்கு."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "சிரோக்கோ அப்பிடித்தான். சட்டரை இறக்கிப் போட்டுப் படு. தண்ணி நிறையக் குடி."

"அவளை நீங்கள் பிடிக்கிறியள். என்னை ஆர் பிடிக்கிறது?"

சப்பாத்தின் கயிறு அவன் விரலில் நின்றது. வைகாசியிலிருந்து இந்த வீட்டில் சொல்லாமல் கிடந்த எல்லாம் அந்த ஒரு நிமிடம் அவன் முகத்தில் வந்து நின்றன. வாயைத் திறந்தான். பிள்ளையைப் பற்றிச் சொல்லப்போகிறான் என்று அவள் நினைத்தாள். மூக்கைப் பற்றி, நகத்தைப் பற்றி. ஆனால் எழுந்து வந்து அவள் தலையில் கையை வைத்தான், அவ்வளவுதான்.

"நாளைக்கு மத்தியானம் வந்து பிடிக்கிறன். சத்தியமா. எங்கை நிண்டாலும் வந்து பிடிக்கிறன்."

"வாங்கோ."

"போட்டு வாறன்."

அவன் படியிறங்கிப் போகிற சத்தம் கேட்டது. ஈரச் சப்பாத்துப் போல ஒவ்வொரு படியிலும் சப், சப்.

*

பெராகோஸ்தோ அன்று கட்டடத்தில் யாரும் இல்லை. மேல் மாடிக்காரர் கடற்கரைக்குப் போய்விட்டார்கள். எதிர்வீட்டில் நாய்கூட இல்லை. சறோஜா காலையிலேயே புருஷனோடு வெளியே போய்விட்டாள். தெருவில் ஒரு வெஸ்பா போயிற்று, அதன்பிறகு ஒன்றும் போகவில்லை. சிரோக்கோ மட்டும் சட்டரின் கீற்றுகளில் வாயை வைத்து ஊதிக்கொண்டிருந்தது, நீளமாக, மேலேறி இறங்கி, யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுவது போல. அந்தச் சத்தம் காதில் விழும்போதெல்லாம் அவள் மார்பு கனத்தது. இரண்டு மாதத்துக்கு முன்னே வற்றிப்போன இடத்தில் ஊசி குத்துவது போல ஒன்று கூடிக் கூடி வந்தது. சட்டையின் முன்பக்கம் ஈரமாக இரண்டு வட்டம்.

இரவெல்லாம் தூங்காததால் மூச்சை நினைப்பதே பெரிய பாரமாக இருந்தது. நடக்கும்போது கால் இடப்பக்கமே திரும்பியது. மேசையைச் சுற்றி வந்தாள். நிற்க முயன்றாள். மறுபடி மேசையைச் சுற்றி வந்தாள். மத்தியானம் ஆகிவிட்டது. அவன் வரவில்லை. உடம்பு நெருப்பாகக் கொதித்தது, எலும்பெல்லாம் கனத்தது, இந்தக் கனத்தை இனி எதிலாவது இறக்கி வைக்க வேண்டும் போலிருந்தது.

குளியலறையில் இருட்டாக இருந்தது. அவள் விளக்கைப் போடவில்லை. சட்டையோடு தொட்டிக்குள் இறங்கினாள்.

தண்ணீர் குளிரவில்லை. உடம்புச் சூட்டில் இருந்தது. கால் நீட்டினாள், சாய்ந்தாள், காது தாழ்ந்ததும் காற்றின் சத்தம் அறுந்து வேறொன்று கேட்டது: தூரத்தில் ஒரு படகின் எஞ்சின். சிறு கல் உரசுவது போல டிக் டிக் என்று ஏதோ. பிறகு அந்தக் கூப்பிடும் சத்தம், இப்போது மிகக் கிட்டத்தில். தொட்டியின் அடி முதுகில் பட வேண்டும். படவில்லை. கால் விரலை நீட்டித் தேடினாள். அடி இல்லை.

தாழ்ந்தாள்.

மூச்சை நினைக்க வேண்டும். நினைக்க முடியவில்லை. அவ்வளவு களைப்பு.

அப்போது அந்தக் கைகள் வந்தன.

ஒன்று கழுத்தடியால். ஒன்று இடுப்படியால். மெல்ல அவளை மேலே கொண்டுவந்தன. முகம் காற்றில் வந்தது. *புஃப்* என்று அவள் வாயிலிருந்து வந்த சத்தத்தை அவளே கேட்டாள்.

"வந்திட்டியளோ," என்றாள்.

பெருவிரல் பிடரியில் வட்டம் போட்டது. அதே வட்டம். செல்வமலர் கண்ணை மூடினாள். ஒரு கண் மூடியது.

"விடாதேங்கோ."

கைகள் விடவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டான். இனி அவளிடம் போகமாட்டான். இனி இந்தக் கை எனக்கு. இனி அவருடைய இரவு எனக்கு. எல்லாம் எனக்கு.

எல்லாம்.

நெஞ்சில் ஏதோ வந்து முட்டியது.

சின்னது. மெத்தென்றது. தண்ணீருக்கு அடியிலிருந்து எழும்பி, மார்புக்கு நடுவில் வந்து நின்றது. ஒரு பூனைக்குட்டியின் பாரம்கூட இல்லை. அவிந்த மல்லிகை மணந்தது. சட்டையின் ஈர வட்டம் தேடி அது நகர்ந்தது. அவளுக்குப் பால் இறங்கியது. வெதுவெதுப்பாக, வலியோடு, தண்ணீரில் புகை போலப் பரவியது.

வெளியே யாரோ படியில் ஓடிவந்தார்கள். கதவு அடிபட்டது.

"மலர்! கதவைத் திற, மலர்!" சறோஜாவின் குரல். அழுகை. "ஸ்ரெல்லா டெலிபோன் எடுத்தவ. நகுலன் அண்ணை... ஐயோ, மலர்... விடியப்புறமே தாண்டு போனாராம். அந்த ஓங்கிலும் செத்துப்போச்சுதாம். ரெண்டும் அடியிலை கிடந்ததாம். கையை விடுவிக்கேலாமல் கிடக்காம், அதைச் சுத்திப் பிடிச்ச கையை..."

விடியப்புறம்.

பெருவிரல் வட்டம் போட்டுக்கொண்டிருந்தது.

"மலர்! உள்ளுக்கை நிக்கிறியோ?"

அவள் வாயைத் திறந்தாள். ஒரு மூச்சு வந்தது. அதையும் நினைத்துத்தான் எடுத்தாள். முதுகின் கீழே கைகள் இருந்தன, குளிர்ந்து, இறுகி, மரம் போல. இனி அவை விடாது. விடுவிக்கவும் முடியாது. திரும்பிப் பார்க்க வேண்டாம். பின்னால் யார் நிற்கிறார் என்று பார்க்க வேண்டாம்.

முன்னால் மட்டும் பார்த்தாள். திறந்திருந்த ஒரு கண்ணால்.

சட்டர்க் கீற்றின் வெளிச்சம் ஒரு நூல், நெஞ்சின் குறுக்கே விழுந்திருந்தது. அதில் தெரிந்தது. பச்சைத் துணி இல்லை. ஒன்றாலும் மூடியிருக்கவில்லை. நிறைய மயிர். சின்ன விரல், அதில் நகம். தோல் உரிந்திருந்தது. சின்ன மூக்கு, நுனி கொஞ்சம் தூக்கியது.

கதவு உடைபடுகிற சத்தம் கேட்டது. நெஞ்சிலிருந்து அது மெல்ல வழுக்கி, தண்ணீருக்குள் தாழத் தொடங்கியது.

செல்வமலர் தலையைக் குனிந்து, அதன் அடியில் தன் மூக்கைக் கொடுத்து, முட்டி, மேலே தள்ளினாள்.